கியர் விழவில்லையா? கியர் பாக்ஸை மட்டும் திறந்துவிடாதீர்கள்!

பழைய புல்லட் வைத்திருக்கும் யாரிடமாவது போய் "வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். இன்ஜினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். ஐடிலில் எண்ணி எண்ணித் துடிக்கும் அந்தச் சத்தம், மேட்டில் ஏறும்போது காட்டும் இழுவை, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வித்தை (கார்டு வைத்துக் கவனித்திருந்தால் மூன்றாவது உதை) எல்லாம் வரும். கியர் என்று ஆரம்பித்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "அது மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பார். அந்த "கொஞ்சம்" என்பதற்குள் எத்தனை ஆயிரம் ரூபாய் போயிருக்கிறது என்பது அவருக்கும் அவர் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பழைய வண்டியில் கியர் தகராறு செய்தால், பெரும்பாலும் குற்றவாளி கியர் பாக்ஸுக்கு வெளியேதான் இருப்பான். ஆனால் தண்டனை எப்போதும் கியர் பாக்ஸுக்கே கிடைக்கிறது. இதற்கு மெக்கானிக்குகளை மட்டும் திட்டிப் பயனில்லை. வண்டிக்காரர்களும் இதில் கூட்டாளிகள்.

முதலில் வண்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது. 1955-இல் அந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் உதிரி பாகங்களாக வந்ததைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே திருவொற்றியூருக்கு வந்துசேர்ந்தன. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி, அதே நான்கு கியர் ஆல்பியன் பெட்டியோடு, இன்னும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. 2000-க்குப் பிறகுதான் இடக்கால் ஐந்து கியர் பெட்டி மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. எனவே 1990-இல் வாங்கிய வண்டியானாலும், அதன் கியர் பெட்டியின் வயது இன்னும் நாற்பது வருடம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்!

இந்த ஆல்பியன் பெட்டிக்குச் சில குணங்கள் உண்டு. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரல் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். கூடவே இன்னொரு குட்டி லிவர் இருக்கும், நியூட்ரல் ஃபைண்டர். கிளட்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அதை அழுத்தினால் நான்காவது, மூன்றாவது, இரண்டாவது எதில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. இது தெரியாமல் "நியூட்ரல் லிவர் வேலை செய்யவில்லை" என்று கடைக்குப் போய், காசு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

அதைவிட முக்கியமான ஒன்று. இன்றைய வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே வயிற்றில் ஒரே ஆயிலில் நனைந்து கிடக்கின்றன. பழைய புல்லட்டில் அப்படி இல்லை. இன்ஜினுக்குத் தனி ஆயில். இடப்பக்கம் பிரைமரி செயினும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்குத் தனி ஆயில். பின்னால் கியர் பாக்ஸுக்குத் தனியாக கிரீஸோ கியர் ஆயிலோ. மூன்று பாத்திரம், மூன்று சமையல். ஒரு பாத்திரத்தில் உப்பு கூடினால் இன்னொன்றை அடுப்பிலிருந்து இறக்கிக் கொட்டுவதுதான் பல கடைகளில் நடக்கிறது.

சேலத்தில் நடந்த ஒரு கதையைச் சொன்னால் இது புரியும். தாத்தா 1984-இல் வாங்கிய புல்லட். மூன்று வருடம் கொட்டகையில் தூங்கிய வண்டியைக் கல்லூரி படிக்கும் பேரன் வெளியே எடுத்தான். பேட்டரி, கார்புரேட்டர், டயர் எல்லாம் சரி செய்தாயிற்று. வண்டி ஓடியது. இரண்டே குறைகள். காலையில் முதல் கியர் போட்டால் "கடார்" என்று ஒரு சத்தம், வண்டி ஓரடி முன்னால் பாயும். சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைக்காது. குதிகால் வலிக்க மிதித்தாலும் கிடைக்காது. இன்ஜினை நிறுத்தினால் உடனே கிடைக்கும்.

(இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விடை முழுக்க அதில்தான் இருந்தது.)

பேரன் ஒரு கடைக்குப் போனான். கடைக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "கியர் செட்டே போச்சு தம்பி" என்றார். நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. புதிய கியர் செட், புதிய பேரிங், புதிய கிளட்ச் பிளேட், கூலி. பையனின் ஆறு மாத டியூஷன் வருமானம் அந்த பில்லில் போயிற்று. வண்டியை எடுத்த அன்றே முதல் கியரில் அதே "கடார்". "புது கியர், செட் ஆகணும், ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். ஓட்டினான்.

ஐநூறு கிலோமீட்டர் ஆவதற்குள் ஏற்காட்டுக்கும் போனான். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தூக்கினான். கியர் விழுந்த மாதிரி காலுக்குத் தெரிந்தது, ஆனால் விழவில்லை. இரண்டுக்கும் நடுவில், எந்தக் கியரும் இல்லாத ஒரு பொந்தில் நின்றுவிட்டது. மெக்கானிக் பாஷையில் ஃபால்ஸ் நியூட்ரல். இன்ஜின் பிடிப்பு சட்டென்று விட்டுப்போக, வண்டி சும்மா உருள ஆரம்பித்தது. பழைய புல்லட்டின் டிரம் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். எதிரே பேருந்து வரவில்லை என்பதால்தான் இந்தக் கதையை இவ்வளவு சாவகாசமாகச் சொல்ல முடிகிறது.

கியர் தகராறு என்பது சத்தம், சலிப்பு, வெட்கம் என்ற அளவில் நிற்கும் விஷயம் அல்ல. மலையில் இறங்கும்போது கியர் என்பது இன்னொரு பிரேக்.

அடுத்த வாரம் யாரோ சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டி போனது. கடை என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலில் ஒரு தகரக் கூரை, இரண்டு பழைய புல்லட், ஒரு பெஞ்ச். பேரன் சாவியைப் போட்டு உதைக்கப் போனான்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. சென்டர் ஸ்டாண்டு போடுங்க."

"ஓட்டிப் பார்க்க வேண்டாமா அண்ணே?"

"அப்புறம் பார்க்கலாம். நீங்க பின்னாடி உட்கார்ந்து வீலைக் கையால சுத்துங்க. மெதுவா."

பையன் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, அவர் கையால் லிவரைத் தூக்கியும் அழுத்தியும் பார்த்தார். முதல் கியர் சுத்தமாக விழுந்தது. நியூட்ரல் கிடைத்தது. மற்ற மூன்றும் விழுந்தன. மேலே தூக்கும்போது மட்டும் லிவர் கொஞ்சம் தயங்கியது. பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டாண்டில் நின்றபடியே கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியரைப் போட்டார். "கடார்". கிளட்ச் பிடித்திருக்கும்போதே பின் சக்கரம் வேகமாகச் சுற்றியது. பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் திணறியது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கிளட்ச்தான் விடல" என்றார்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் நிற்கும்போது எல்லாக் கியரும் விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டே சுற்றுவதால் பெட்டிக்குள் இருக்கும் பற்களின் மேல் எப்போதும் விசை இருக்கிறது. விசை இருந்தால் அவை நகராது. நியூட்ரல் கிடைக்காதது இதனால்தான். இன்ஜினை நிறுத்தியதும் விசை போய்விடும், நியூட்ரல் தானாக வரும்.

இன்ஜின் நிற்கும்போதும் கியர் விழவில்லை என்றால்தான் லிவர், ராட்செட், பெட்டி என்று உள்ளே போக வேண்டும். கியர் விழுந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் வெளியே எகிறினால் அது வேறு கதை. பற்களின் முனை தேய்ந்திருக்கலாம், அல்லது அவை பாதி தூரமே கோத்திருக்கலாம்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. நிற்கிற வண்டியில் சக்கரத்தைச் சுற்றாமல் கியர் போட்டுப் பார்த்துவிட்டு "விழவே மாட்டேங்குது" என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளே இருக்கும் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த வண்டியிலும் கியர் விழாது. வண்டியை ஓரடி முன்னும் பின்னும் அசைத்தால் விழும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை வைத்தே நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிறார்கள். (புத்திசாலிகள் இதை வைத்தே விலையைக் குறைக்கிறார்கள், அது வேறு விஷயம் :-))

சரி, கிளட்ச் ஏன் விடவில்லை? பெரியவர் டேங்குக்கு அடியில் கையை விட்டார். கிளட்ச் கேபிள் தேவைக்கு மேல் மடங்கிப் போயிருந்தது. உள்கம்பியில் இரண்டு இழை அறுந்திருந்தது. ஹேண்டில்பாரில் லிவர் நிற்கும் திருகின் துளை தேய்ந்து முட்டை வடிவில் இருந்தது. விரலால் லிவரை முழுதும் இழுத்தாலும், அந்த இழுப்பில் பாதியைக் கேபிளும் துளையுமே தின்றுவிடுகின்றன. மிச்சம்தான் கிளட்சுக்குப் போய்ச் சேருகிறது. பிளேட்டுகள் விலக வேண்டிய அளவுக்கு விலகவில்லை. இதற்குத்தான் புதிய பிளேட்டும் புதிய கியர் செட்டும் போடப்பட்டன!

புதிய கேபிள், புதிய லிவர். அதற்கு முன் அவர் இன்னொன்றும் செய்தார். கியர் பாக்ஸின் வலப்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும். கிளட்சைத் தள்ளும் புஷ் ராடுக்கான அட்ஜஸ்ட்மென்ட் இதுதான். பலரும் ஹேண்டில்பாரில் இருக்கும் திருகை மட்டுமே திருகித் திருகி, கடைசியில் அது திருக இடமே இல்லாமல் நிற்கும். சரியான வரிசை நேர்மாறானது. முதலில் கேபிளை முழுதும் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்க்ரூ ராடைத் தொடும் வரை திருகி, துளி பின்னால் எடுத்து, லாக் நட்டை இறுக்க வேண்டும். அப்புறம்தான் கேபிளை இழுத்துக் கட்ட வேண்டும். லிவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினால் கிளட்ச் நழுவி, பிளேட் கருகிவிடும்.

இத்தோடு இன்னும் சில சில்லறை விஷயங்களும் உண்டு. பிரைமரி பெட்டியில் ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலும், ரொம்பத் தடியாக இருந்தாலும் பிளேட்டுகள் ஒட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் அவை பசை போட்ட மாதிரி சேர்ந்தே இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதித்தால் பிரிந்துவிடும். காலையில் கேட்கும் முதல் "கடார்" பாதி வண்டிகளில் இதனாலேயே அடங்கிவிடும். தாத்தாக்கள் எல்லோரும் இதைச் செய்தார்கள். அது ஏதோ சடங்கு என்று பேரன்கள் நினைத்துவிட்டார்கள்.

ஆனால் ஏற்காட்டில் வந்த அந்தப் பொந்து? அது கிளட்ச் இல்லை. அதுதான் இந்தக் கதையில் வயிறு எரிகிற பகுதி.

கியர் லிவர் இருக்கும் கவருக்குள் ஒரு ராட்செட் இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கியர் என்று எண்ணி நகர்த்துவது அதன் வேலை. மிதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஒரு தகடு தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தகடு இரண்டு போல்ட்டில் நிற்கும், துளைகள் நீளவாக்கில் இருக்கும், தகட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சற்று நகர்த்தலாம். லிவர் மேலே போகும் தூரமும் கீழே போகும் தூரமும் சமமாக இருக்கும்படி அதை வைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்துபோனால் அந்தத் திசையில் கியர் முழுதாக விழாது. பாதியில் நிற்கும். மிதித்தால் சரியாக விழுகிறது, தூக்கினால் விழவில்லை (அல்லது இதற்கு நேர்மாறாக) என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் தகட்டைத்தான். முழுப் பெட்டியையும் பிரிக்கவே வேண்டாம், கவரைக் கழற்றினால் போதும்.

முதல் கடையில் பெட்டியைப் பிரித்துப் பூட்டியபோது இந்தத் தகட்டை எப்படியோ வைத்து இறுக்கிவிட்டார்கள். அதாவது வண்டிக்கு இருந்த நோய் ஒன்று. வைத்தியம் பார்த்தது இன்னொன்றுக்கு. அந்த வைத்தியத்தால் புதிதாக ஒரு நோய் வந்தது. பழைய நோய் அப்படியே இருந்தது. தாத்தா நாற்பது வருடம் ஓட்டியும் தேயாத கியர் செட் பழைய இரும்புக்குப் போயிற்று.

இங்கே நிறுத்திவிட்டு முதல் மெக்கானிக்கைத் திருடன் என்று சொல்லிவிடலாம். சொல்வது சுலபம். ஆனால் பையன் பெரியவரிடம் "எவ்வளவு ஆச்சு அண்ணே?" என்று கேட்டபோது அவர் சொன்ன கணக்கைப் பாருங்கள். கேபிள் விலை, லிவர் விலை, கூலியாக ஒரு சின்னத் தொகை. அந்த ஐந்து நிமிடச் சோதனைக்குத் தனியாக ஒன்றும் இல்லை. "பார்த்ததுக்கு யாருங்க காசு குடுக்குறா?" என்று சிரித்தாராம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பி.காம். படிக்கிறவர்களுக்கு காஸ்டிங் பேப்பரில் மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் மூன்றும் மனப்பாடம். மெக்கானிக் கடை பில்லை அந்த மூன்றில் அடக்கிப் பாருங்கள். பாகத்துக்கு விலை உண்டு. பிரித்துப் பூட்டியதற்குக் கூலி உண்டு. "எதைப் பிரிக்க வேண்டாம்" என்று கண்டுபிடித்ததற்கு எந்த வரியிலும் இடமில்லை. இரண்டு கடைகளில் அதிகம் சம்பாதித்தது எது? தவறாகக் கண்டுபிடித்த கடை. சரியாகக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது டீக் காசு. இப்படி ஒரு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, எல்லோரும் கேபிளைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சில சேவைகள் உண்டு, வாங்கிய பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாது. வண்டி ரிப்பேர் அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம். நோயைச் சொல்கிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, பெரிய நோயாகச் சொல்லத் தூண்டும் ஒன்று அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆள் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "பழைய வண்டி, கியர் சத்தம், கியர் செட்தான்" என்று நிஜமாகவே நம்பியிருக்கலாம். நம்புவது அவருக்கு லாபமாகவும் இருந்தது, அவ்வளவுதான்.

வண்டிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய பில்லைக் கண்டால் திட்டிக்கொண்டே கொடுத்துவிடுகிறோம், கையில் ஏதோ புதுச் சாமான் வந்திருக்கிறது என்ற ஆறுதல். "ஒன்றும் மாற்ற வேண்டாம், சரி செய்துவிட்டேன், இருநூறு கொடுங்கள்" என்றால் "ஒரு ஸ்க்ரூவைத் திருகினதுக்கா இருநூறு?" என்று சண்டைக்கு நிற்கிறோம். எந்த ஸ்க்ரூ என்று தெரிய அவருக்கு முப்பது வருடம் ஆகியிருக்கும். டாக்டரிடம் மருந்தே எழுதாமல் வந்தாலும் ஃபீஸ் கொடுக்கிற அதே ஆட்கள்தான்!

இதனால் நடப்பது என்னவென்றால், காதால் கேட்டும் கையால் தொட்டும் கண்டுபிடிக்கும் திறமை மெல்ல மெல்ல மதிப்பில்லாமல் போகிறது. அந்தப் பெரியவரிடம் உதவிக்கு ஒரு பையன்கூட இல்லை. ஏன் வருவான்? பாகம் மாற்றும் கடையில் சம்பளம் அதிகம். ஆல்பியன் பெட்டியின் கடைசி வண்டிகளுக்கே இப்போது வயது ஏறிவிட்டது. புதிய வண்டிகளின் பெட்டி அமைப்பே வேறு. இதைத் தெரிந்தவர்கள் ஓய்ந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் வண்டிகளும் "கியர் சரியில்லை" என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பேட்டைக்குப் போகும்.

இன்னொரு வழி உண்டு என்பார்கள். வலக்கால் கியரே வேண்டாம், கட்டை போட்டு இடக்காலுக்கு மாற்றிவிடலாம், இல்லையென்றால் ஐந்து கியர் பெட்டியையே தூக்கி வைத்துவிடலாம். இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1970-களின் நடுவில் அமெரிக்கா இடக்கால் கியரைச் சட்டமாகவே ஆக்கியது, எல்லா வண்டியிலும் கால் ஒரே மாதிரி பழக வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டில் ஒரு புது வண்டியும் ஒரு பழைய புல்லட்டும் இருந்தால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும் ஆபத்து நிஜமானது. தினமும் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர் பயந்து மாற்றினால் குறை சொல்ல முடியாது. ஆனால் கியர் சரியாக விழவில்லை என்பதற்காக மாற்றுவது வேறு. விடாத கிளட்சோடு இடக்காலுக்கு மாற்றினால் இடக்காலில் "கடார்" கேட்கும். போதாக்குறைக்கு, குறுக்கே போடும் கம்பியும் மூட்டுகளும் தேயத் தேய லிவரில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் சேரும்.

கிரீஸ் விஷயத்திலும் இதே கதைதான். ஆயில் ஊற்றினால் ஒழுகுகிறது என்று பெட்டி நிறையத் தடி கிரீஸை அடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குளிரில் அது இறுகி லிவரைத் திரும்ப விடாது. கியர்கள் சுற்றும் வழியில் ஒரு பள்ளம் விழுந்து, மிச்ச கிரீஸ் சுவரோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். ஒழுகாத பெட்டி வேண்டுமா, விழும் கியர் வேண்டுமா என்று கேட்டால் இரண்டாவதுதான். கீழே ஒரு அட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம் என்றால், அடுத்த முறை வண்டியை விடும்போது முதல் வாக்கியமாக "என்ன கோளாறு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அதற்கு இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். பல மெக்கானிக்குகள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். சிலர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே பார்ப்பார்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்தப் பேரன் கேட்டிருந்தால் தாத்தாவின் கியர் செட்டாவது மிஞ்சியிருக்கும். அதற்கும் முன்னால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, நான்கு கியரையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். "இன்ஜின் ஆஃப்ல எல்லாம் விழுதுண்ணே, ஓடும்போதுதான் விழல" என்ற ஒரு வரியோடு போகிறவரிடம் யாரும் கியர் செட் விற்க மாட்டார்கள்.

சேலத்துப் பேரன் பெரியவரிடம் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தான். வாங்க மறுத்தார். "பார்த்ததுக்கு அண்ணே" என்று சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தானாம். விஷயம் தெரிந்த தாத்தாவுக்கு மட்டும் அதில் உடன்பாடில்லை. "நான் சொல்லியிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே, கேட்டியா?" என்கிறார். வண்டி இப்போது நன்றாகப் போகிறது. புது கியர் செட்தான் இரண்டாவதில் கொஞ்சம் ஊளையிடுகிறது. பழையது அப்படிச் சத்தம் போடாது என்று தாத்தா தினமும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.